இரண்டு அளவு சின்னச் சப்பாத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் கரோலா சுவாரஸ்-ஒரோஸ்கோ என்ற உளவியலாளரும் அவரது குழுவும், குடியேறிய குடும்பங்களின் சுமார் 400 பிள்ளைகளை 5 வருடம் பின்தொடர்ந்தார்கள். குடியேறும் காலத்தில் தாயையோ தகப்பனையோ பிரிந்திருந்தவர்களே அதிகம்.

இதை வாசித்ததும் மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள எங்கள் களுவாஞ்சிக்குடி ஒழுங்கைதான் நினைவுக்கு வந்தது. குவைத்திலிருந்து வருடங்கள் கழித்துத் திரும்பிய தாய், மகனுக்குச் சப்பாத்து கொண்டுவந்தார். இரண்டு அளவு சின்னது. பெடியன் "பரவாயில்லை" என்றான், விருந்தாளியிடம் சொல்வதுபோல. அப்புறம் சோறு கேட்டது அம்மம்மாவிடம்.

சரி, இங்கே பிள்ளை நாடு மாறவில்லை, தாய்தான் போனார். ஆனாலும் பதின்ம வயதில் நடுவே ஒரு இடைவெளி. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அவர்கள் இப்படித் தாய் வெளிநாடு போன பிள்ளைகளை ஒரு ஐந்து வருடம் பின்தொடரலாமே?

வாசகர்,
களுவாஞ்சிக்குடி