கொட்டியும் அள்ளியும் ஓர் ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இனிப் புதுப் பொம்மைகள் வாங்குவதில்லை, தண்ணீர், மணல், களிமண், துணி, டப்பா, கரண்டி இவற்றைக் கொண்டே நம் சிறு குழந்தைகளின் வார விளையாட்டு நேரத்தை நடத்துவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். "இதில் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதற்கான பதில்தான்.

ஒரு நாள் காலை, இரண்டு வயது நிரம்பிய ஒரு பெண் குழந்தை, குவளைத் தண்ணீரை வாய் குறுகிய பாட்டிலில் ஊற்றப் பார்த்தாள். பாதிக்கு மேல் வெளியே போயிற்று. மறுபடி மொண்டாள், மறுபடி கொட்டிற்று. உதவ நீண்ட அம்மாவின் கையைப் பக்கத்திலிருந்தவர் மெல்லத் தடுத்தார். ஏழெட்டு முறைக்கு அப்புறம், இடக்கையால் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குவளையின் விளிம்பைப் பாட்டில் வாயில் சாய்த்து, நிதானமாக ஊற்றினாள். ஒரு கை பிடித்துக்கொள்ள, மறு கை வேலை செய்ய, கண் இரண்டையும் பார்த்துக்கொள்கிறது. சட்டைக்குப் பொத்தான் போடுவதற்கும், பின்னாளில் தாளைப் பிடித்துக்கொண்டு எழுதுவதற்கும் இதே பழக்கம்தான் வேண்டும். வேகமாகச் சாய்த்தால் வழியும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிறந்ததிலிருந்து ஏறத்தாழ இரண்டு வயது வரையான காலத்தை உளவியலாளர் ழான் பியாஜே புலன் இயக்கப் பருவம் என்றார். தொட்டு, தட்டி, வாயில் வைத்துப் பார்த்துத்தான் அந்த வயதில் உலகம் புரிகிறது. 1907-இல் ரோமில் 'குழந்தைகள் இல்லம்' என்ற பெயரில் தன் முதல் பள்ளியைத் தொடங்கிய கல்வியாளர் மரியா மாண்டிசோரி, சொரசொரப்பு, வழவழப்பு, கனம், ஒலி ஆகியவற்றைப் பிரித்தறியவென்றே தனிப் பொருள்களைத் தன் கல்வி முறையில் வைத்தார். அவ்வளவு நேர்த்தி நம்மிடம் இல்லை, ஆனால் ஈர மணலும் உலர்ந்த மணலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே குழந்தை வித்தியாசத்தைக் கண்டுகொள்கிறது. அப்போது பெரியவர் "இது நெறுநெறுன்னு இருக்கு, இது பிசுபிசுன்னு ஒட்டுது" என்று சொன்னால் போதும், கையில் இருக்கும் அனுபவத்துக்கு ஒரு சொல் கிடைத்துவிடும். களிமண்ணைப் பிசைவதும் உருட்டுவதும் விரல்களுக்கு வலு தருவதையும் சொல்ல வேண்டும்.

ஒரு சிறுவன் மணலைத் தொடவே மாட்டான், கை பட்டாலே அழுவான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. முதலில் குச்சியால் கோடு போட்டான், பிறகு கரண்டியால் அள்ளினான். சில வாரங்கள் கழித்து ஒரே ஒரு விரலை உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தான். எனக்கு அன்று கண் கலங்கிவிட்டது.

நம் தவறு ஒன்றையும் பதிவு செய்கிறேன். தொடக்கத்தில் ஒரே நேரத்தில் பத்துப் பொருள்களைப் பரப்பி வைத்தோம். குழந்தைகள் ஒன்றிலும் நிலைக்காமல் அலைந்தார்கள். இரண்டாகக் குறைத்ததும் அமைதியாக உட்கார்ந்தார்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே இல்லை. மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் அருகில் தொண்டையில் அடைக்கக்கூடிய சிறு பொருள் எதுவும் கிடையாது. தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண மணிகள் நன்கொடையாக வந்தன. விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துவிடும் என்பதால் அவற்றை ஏற்கவில்லை. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரிலும் சிறு குழந்தை மூழ்கிவிடலாம். ஆகவே தொட்டியருகே கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் எப்போதும் இருந்தார், விளையாட்டு முடிந்த உடனே தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தோம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார்.

வரும் ஆண்டில் தவழும் குழந்தைகளுக்கென்று தனி நேரம் ஒதுக்க எண்ணியிருக்கிறோம். அதற்கு, விளையாட்டு முடிந்தபின் இருந்து தரை துடைத்துத் தர இன்னும் நான்கு பேர் வேண்டும். முடிந்தவர்கள் கூட்டம் கலையும் முன் பெயர் கொடுங்கள். குழந்தைக்கு மாற்றுடை ஒரு ஜோடி கொண்டுவர மறக்காதீர்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்