முதல் வாடிக்கையாளர் உள்ளூரிலேயே கிடைக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவையில் புத்தொழில் நிறுவனங்களை வளர்ப்பது குறித்த பேச்சு பெரும்பாலும் கட்டடத்தையும் முதலீட்டையும் சுற்றியே நின்றுவிடுகிறது. அவை தேவைதான், 1998 முதல் இயங்கும் பி.எஸ்.ஜி. ஸ்டெப் தொழில் காப்பகம் (புதிய நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் கைகொடுத்து வளர்க்கும் மையம்) ஆற்றும் பணியும், தொடக்க நிலை நிறுவனங்களுக்குத் தமிழக அரசு வழங்கும் டான்சீட் நிதியும் பாராட்டுக்குரியவை. ஆனால், ஒரு புதிய நிறுவனத்தை நிலைக்கச் செய்வது முதல் வாடிக்கையாளர் தரும் ஆர்டரே.

பம்புசெட், வார்ப்பட ஆலை, நூற்பாலை, வெட் கிரைண்டர் என இத்தனை தொழில்கள் அடுத்தடுத்த தெருக்களில் இயங்கும் ஊர் நம்முடையது. மோட்டாரின் அதிர்வை அளந்து பழுதை முன்கூட்டியே அறிவிக்கும் கருவியை உருவாக்கும் இளைஞருக்கு, அதைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? இருந்தும், உள்ளூர் ஆலைகளில் சோதனைக்கு அனுமதி கிடைக்காமல் பலர் பெங்களூருக்குப் பேருந்து ஏறுகிறார்கள்.

ஆர்டர் கிடைத்தாலும் பணம் வருவது அடுத்த சிக்கல். குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்குவோர் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் கூறுகிறது. எங்கள் சிறு நிறுவனமோ முதல் பில்லுக்கான தொகைக்கு ஏழு மாதம் காத்திருந்தது. அதற்குள் திறமையான பொறியாளர் ஒருவரை இழந்தோம்.

ஆலைக்கு ஓர் இயந்திரத்தையாவது புதியவர்களின் சோதனைக்கு ஒதுக்கவும், உரிய காலத்தில் பணம் வழங்கவும் தொழில் அமைப்புகள் தம் உறுப்பினர்களை வலியுறுத்த வேண்டுகிறேன்.

– வாசகர், பீளமேடு, கோவை