பாப்பாவுக்கு, கூடாரம் பற்றி

ராயபுரம்,
ஞாயிறு மாலை

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

பரங்கிப்பேட்டையிலிருந்து நீ அனுப்பிய ஐந்து போட்டோவையும் அம்மாவின் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். கிளாம்பிங் என்று நீ சொன்ன பெயர் அம்மா வாயில் இன்னும் நுழையவில்லை. தண்டையார்பேட்டை அத்தை கேட்டதற்கு, "ஆத்தங்கரையில டென்ட் போட்டு லாட்ஜ் மாதிரி நடத்தப்போறா" என்று சொல்லி முடித்துவிட்டாள். அத்தை அதற்கு அடுத்து ஒரு கேள்வி கேட்டாள். நான் குழாயை மூடுவதுபோல எழுந்து போய்விட்டேன்.

கூடாரம் நன்றாக நிற்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது போட்டோவில் துணியின் இழுவை நாலு பக்கமும் ஒரே மாதிரி விழுந்திருக்கிறது, மூலையில் சுருக்கம் இல்லை. நம் தார்ப்பாய்க் கடைக்கு வந்த லாரிக்காரர் இரண்டு பேரிடம் காட்டினேன். ஆனால் முகட்டுக் கம்பு எப்படியும் பதினாறு அடி இருக்கும். அதை ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு முனையைத் தூக்கும்போது இன்னொருவர் மறுமுனையை அழுத்திப் பிடிக்காவிட்டால், கால் கம்பு வழுக்கி முகட்டுத் தையல் பிய்ந்துவிடும். மறுமுனையை யார் பிடித்தது? ஐந்து போட்டோவிலும் நீ மட்டும்தான் இருக்கிறாய்.

சரி, துணி விஷயத்துக்கு வருகிறேன். அது முழுப் பருத்தி கேன்வாஸா, கலப்பா என்று விற்றவன் சொன்னதை நம்பாதே. ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டு. காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. நுனி உருகி கடுகு மாதிரி உருண்டு நின்றால் பாலியஸ்டர் கலந்தது. பருத்தி என்றால் முதல் ஆள் வந்து தங்குவதற்கு முன்பே, நின்ற நிலையில் ஹோஸ் பிடித்து முழுதாக நனைத்துக் காயவிடு. இரண்டு முறை செய். நூல் ஊதி, ஊசி போன ஓட்டைகள் தானாக அடைபடும். இது தெரியாமல் முதல் மழையில் தையல் வழியாகச் சொட்டியதும் துணி மட்டம் என்று முடிவுகட்டி, கண்ட பசையை வாங்கித் தடவுகிறார்கள். நனைப்பதற்கு முன் எல்லாக் கயிறையும் இரண்டு விரல் அளவு தளர்த்திவிடு. பருத்தி நனைந்தால் சுருங்கும். விறைப்பாகக் கட்டியிருந்தால், கயிறு கோக்கும் ஐலெட் வளையத்தைப் பிய்த்துக்கொண்டு வரும்.

சோப்புத்தூள் போட்டுத் தேய்க்கவே கூடாது. மேலே இருக்கும் மெழுகுப் பூச்சு போய்விடும், பிறகு துணி தண்ணீரைக் குடிக்கும். காக்கா எச்சம் காய்ந்த பிறகு தென்னந்துடைப்பத்தால் தட்டிவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும். ஈரத்தோடு மட்டும் மடித்து வைக்காதே. அந்த ஊர்க் காற்றுக்கு இரண்டே நாளில் கரும்புள்ளி வந்துவிடும். அது போகாது. ப்ளீச் ஊற்றினால் புள்ளியோடு நூலும் செத்துப்போகும். ஐப்பசி கார்த்திகையில் மழை விட்ட நேரத்தில் பக்கச் சுவர்களைச் சுருட்டி மேலே கட்டி, காற்று குறுக்கே ஓட விடு.

நாலாவது போட்டோவில் வெள்ளைக் கயிறும் பழுப்புக் கயிறும் ஒரே கூடாரத்தில் இருக்கிறது. வெள்ளை நைலான், நனைந்தால் நீளும். பழுப்பு சணல், நனைந்தால் சுருங்கும். மழை பெய்த ராத்திரியில் ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் இறுகி, கூடாரம் சணல் பக்கம் சாயும். யாராவது எழுந்து சரி செய்ய வேண்டும். அதனால்தான் கேட்கிறேன், ராத்திரியில் அங்கே யார் இருக்கிறார்கள்? வாட்ச்மேன் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய்விடுவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய்.

முளை விஷயமும் சரியில்லை. ஒரு சாண் இரும்பு முளை தோட்டத்து மண்ணுக்குத்தான் பிடிக்கும், ஆற்று மணலில் ஒரு காற்றுக்குப் பிடுங்கிக்கொண்டு வரும். காலி சிமென்ட் சாக்கில் மணலை நிரப்பி வாயைத் தைத்து, நடுவில் கயிறு கட்டி, இரண்டடிக் குழியில் குறுக்கே படுக்க வைத்துப் புதைத்து மிதித்துவிடு. கயிறு இழுக்கும் திசைக்குச் சாக்கு குறுக்காக இருக்க வேண்டும். ஒரு கூடாரத்துக்குப் பத்து சாக்கு. இரும்பு ஐலெட் உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து, சுற்றியுள்ள துணியையும் அரிக்கும். பித்தளைதான் போடணும். ஸ்டீல் கம்பி, கிளாம்ப் வாங்கினால் 316 ரக ஸ்டீல் என்று கேட்டு வாங்கு. 304 கடலோரத்தில் பழுப்பு கட்டிவிடும். தார்ப்பாய் கடைக்காரன் மகள் ஆன்லைனில் கூடாரம் வாங்கியிருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாதி விலையில் நானே தைத்துக் கொடுத்திருப்பேன். போகட்டும்.

எனக்குத் துணியைவிட ஆற்று பயம்தான் பெரிது. வெள்ளாறு இப்போது குளம் மாதிரி கிடக்கும், அதைப் பார்த்து மேடையை மூன்றடியில் நிறுத்தியிருக்கிறாய். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு எண்ணூர் பக்கம் வீட்டுச் சுவர்களில் எண்ணெய் விட்டுப்போன கறுப்புக் கோட்டைப் பார்த்தாயே, தண்ணீர் எதுவரை வந்தது என்று அது சொன்னது. உன் தோப்பில் அந்த மாதிரி கோடு இருக்காது. பரங்கிப்பேட்டையில் வயதான படகுக்காரர் யாரையாவது கூட்டிப்போய், பெரிய வெள்ளத்தில் எந்தத் தென்னைக்கு எதுவரை தண்ணீர் வந்தது என்று கையால் தொட்டுக் காட்டச் சொல். அங்கே பெயின்டால் கோடு போடு. மேடைப் பலகை அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு முழமாவது இருக்க வேண்டும். கால்களுக்குச் சவுக்குக் கம்பு போதாது. மண்ணும் காற்றும் சேரும் இடத்தில் இரண்டு வருஷத்தில் மக்கிவிடும். வைரம் பாய்ந்த பனங்கட்டை போடு. சவுக்குதான் என்றால் அந்த இடத்தில் மேலும் கீழும் ஒரு முழத்துக்குத் தார் பூசு.

உன் தலைக்கு மேலே மழை இல்லை என்பதால் ஆறு வராது என்று இருக்காதே. 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் கரையைக் கடந்தது. கடலூரில் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கியது அதற்குப் பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீரில். உனக்கு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு. வீராணம் ஏரியின் உபரியில் ஒரு பகுதியும் வெள்ளாற்றில் விழும். அங்கே எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று மழைக்காலத்தில் தினமும் கேட்டு வை. தண்ணீர் செங்காவி நிறமாகி ஆகாயத்தாமரைக் கூட்டம் மிதந்து வந்தால் ஆட்களை வெளியேற்று. மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதே. அது அமாவாசையோ பௌர்ணமியோ ஆகிவிட்டால் இன்னும் மோசம். கடல் ஏற்றம் முகத்துவாரத்தில் எதிர்த்து நிற்கும், வெள்ளம் வடிய வழி இருக்காது.

கயாக் படகு விடுவாய் என்றால் கடல் ஏற்றம் வற்றம் பார்த்து விடு. தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும், நேற்றைய நேரத்தை இன்று சொல்லாதே. ஏற்றத்தோடு மேற்கே போய், வற்றம் வேகம் பிடிப்பதற்குள் கரையேறிவிட வேண்டும். வற்றத்தில் முகத்துவாரம் பக்கம் போனவனை ஆறே கடலுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். துடுப்பெல்லாம் அதற்கு முன்னால் நிற்காது. அரை கிலோமீட்டர் முன்பே மிதவை கட்டி எல்லை போடு. லைஃப் ஜாக்கெட் போடாதவனுக்குப் படகு இல்லை. குடித்தவனுக்கு ஜாக்கெட் போட்டாலும் இல்லை. ஆழமில்லாத சேற்றில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டு நடக்கச் சொல், திருக்கை விலகிப் போய்விடும். அடித்துவிட்டால் தாங்கும் சூட்டில் வெந்நீரில் காலை முக்கி வை, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை. வலி அடங்கினாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, முள் துண்டு உள்ளே தங்கியிருக்கும்.

மார்கழியில் குளிருகிறது என்று யாராவது கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்து வைப்பார்கள். விடவே விடாதே. வாசனையே இல்லாத புகை, தூங்கியவர் எழுந்திருக்கமாட்டார். கொசுவத்தியும் துணிக்குப் பக்கத்தில் வேண்டாம், வலை கட்டு. கரண்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச், ஒவ்வொரு கூடாரத்துக்கும் தனித்தனியாகப் போடு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கக் கூடாது. மீந்த சோற்றைப் பின்னால் கொட்டினால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். மேடைக்கு அடியில் வலைக்கம்பி அடி.

கக்கூஸ் தொட்டியை எங்கே வைத்திருக்கிறாய் என்று எந்தப் போட்டோவிலும் இல்லை. அந்த மணலில் நாலடி தோண்டினால் தண்ணீர் வரும், உறிஞ்சு குழி போட்டால் அது நேராகக் கிணற்றுக்கும் ஆற்றுக்கும்தான் போகும். மூடிய தொட்டி கட்டி லாரி வைத்து எடுக்கச் சொல். செலவுதான், வேறு வழியில்லை. கிணற்றிலும் பெரிய மோட்டார் வைக்காதே. மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் ஏடு மாதிரி மிதந்துகொண்டிருக்கிறது. வேகமாக இழுத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். மீஞ்சூர் பக்கம் கிணறுகள் அப்படித்தான் போயின. அரை குதிரைச் சக்தி மோட்டார், அரை மணி ஓட்டி இரண்டு மணி நிறுத்து. கடலின் ஏற்றம் எட்டும் ஆற்றங்கரைக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டலச் சட்டம் உண்டு. குத்தகைக்காரர் வாய்வார்த்தை போதாது, சர்வே நம்பரோடு எழுத்தில் வாங்கு. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து உன் பெயரில் மட்டுமா?

வாட்ச்மேனை ராத்திரிக்கு மாற்று. சம்பளம் கூடக் கேட்டால் கொடு.

இதற்கு மேல் சுற்றி வளைக்க எனக்கு வரவில்லை. மாப்பிள்ளை எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம், துறைமுகத்தில் தெரிந்தவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்த வீட்டைப் பற்றி இரண்டு விஷயம் சொன்னார். பொறாமையில் பேசுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, பத்திரிகை அச்சாகிவிட்டது. விசாரிக்கப் போனால் நின்றுவிடுமோ என்று விசாரிக்கவில்லை. உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. பொங்கலுக்கு நீ தனியாக இரண்டு பெட்டியோடு வந்தாய். மூன்று நாளுக்கு எதற்கு இரண்டு பெட்டி என்று நான் கேட்கவில்லை. பெரிய பெட்டியை நான்தான் ஆட்டோவிலிருந்து இறக்கினேன். எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும்.

அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்.

வெள்ளிக்கிழமை எழும்பூரில் ஏறி சிதம்பரம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வருகிறேன். நீ வேண்டாம் என்றால் சாமானைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். கேன்வாஸ் ஊசி, மெழுகு நூல் ஒரு உருண்டை, ஊசியைத் தள்ள உள்ளங்கைத் தோல், பித்தளை ஐலெட் நூறு, அதை அடிக்கும் அச்சு, எல்லாம் பழைய பச்சைப் பெட்டியில் கொண்டு வருகிறேன். கூடாரத்துக்கு மேலே ஒரு அடி இடைவெளி விட்டு இரண்டாவது கூரை கட்டாமல் சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியாது. அதற்குத் துணி இங்கேயே வெட்டித் தைத்துவிடலாம். ஆறு கூடாரத்துக்கும் முகட்டு நீளம், முகட்டிலிருந்து ஓரம்வரை சரிவு, இரண்டையும் அளந்து புதனுக்குள் அம்மா போனுக்கு அனுப்பு. அடியில் வேண்டாம், அங்குலத்தில்.

அப்பா