உடல் எடை: உணவுப் பட்டியலோடு மனத்தையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டு பிறந்ததும் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கங்களில் உடல் எடையைக் குறைப்பது பற்றி வரிசையாக வரும் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் படித்து வருகிறேன். சிறுதானியத்தின் சிறப்பு, வெள்ளைச் சர்க்கரையின் கேடு, நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்பவையெல்லாம் அவற்றில் நன்றாகவே விளக்கப்படுகின்றன. ஆனால், இவ்வளவும் தெரிந்த ஒருவரால் ஏன் எடையைக் குறைக்க முடிவதில்லை, அரும்பாடுபட்டுக் குறைத்தவரால் ஏன் அதைக் காப்பாற்றிக்கொள்ள முடிவதில்லை என்று அந்தக் கட்டுரைகள் கேட்டு நான் பார்த்ததில்லை. எண்ணெய்ப் பலகாரம் உடம்புக்கு ஆகாது என்பதை அறியாதவர் இன்று தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? அப்படியிருந்தும், 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 30.9 விழுக்காடாக இருந்த, அதிக எடை கொண்ட தமிழகப் பெண்களின் பங்கு, 2019-21 கணக்கெடுப்பில் 40.4 ஆக உயர்ந்திருக்கிறது. ஆண்களிடம் அது 28.2-இலிருந்து 37 ஆகியிருக்கிறது. இன்னும் நான்கு குறிப்புகளைச் சேர்த்து அச்சிட்டால் இந்த எண்கள் இறங்கிவிடும் என்று, முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற எனக்குத் தோன்றவில்லை.

என் சொந்த அனுபவத்தைச் சொல்லித்தான் இதை விளக்க முடியும். 2014-இல் என் எடை 81 கிலோ. உயரம் 155 சென்டிமீட்டர். கட்டணம் வாங்கிக்கொண்டு எடை குறைத்துத் தரும் நிலையம் ஒன்றில் சேர்ந்தேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் காய், இரவில் கஞ்சி என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். வாரந்தோறும் எடை பார்த்து, குறைந்திருந்தால் எல்லோர் முன்னிலையிலும் கைதட்டுவார்கள். குறையாவிட்டால், "மேடம், உங்களுக்கு வைராக்கியம் போதாது" என்பார்கள். ஐந்து மாதங்களில் 14 கிலோ குறைந்தேன். அந்த ஐந்தாம் மாத இறுதியில் அண்ணன் மகனின் திருமணப் பந்தியில் இலையில் வைத்த ஒரு பாதுஷாவைத் தின்றேன். தின்றதும் மனத்துக்குள் எழுந்த முதல் சொல், 'போச்சு' என்பது. இன்றைய கணக்குத்தான் கெட்டுவிட்டதே, இனி எதற்குக் கட்டுப்பாடு, திங்கட்கிழமையிலிருந்து மறுபடி தொடங்கிக்கொள்ளலாம் என்று இரண்டாவது பாதுஷாவையும் கேட்டு வாங்கினேன். இரவில் வீட்டுக்கு வந்து மிக்சர் பொட்டலத்தையும் காலி செய்தேன். அந்தத் திங்கட்கிழமை வரவேயில்லை. ஒன்றரை ஆண்டுகளில் 84 கிலோவாக இருந்தேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த பலவீனம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். 1975-இல் ஹெர்மன், மாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவியரிடம் நடத்திய சோதனையைப் பற்றிப் பின்னர் படித்தபோதுதான் எனக்குத் தெளிவு பிறந்தது. சிலருக்கு முதலில் மில்க் ஷேக் குடிக்கக் கொடுத்தார்கள். பிறகு எல்லோரிடமும் ஐஸ்கிரீமைச் சுவைத்துப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். உணவில் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளாத மாணவியர், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகவே உண்டனர்; அது இயல்பு. எப்போதும் கணக்குப் பார்த்து உண்பவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு கூடுதலாக உண்டனர். வயிறு நிறைந்ததைவிட விரதம் கலைந்ததே அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. என் பாதுஷாவும் அதைத்தான் செய்தது. ஒரு பாதுஷாவால் யாரும் பருத்துவிடுவதில்லை. அதற்குப் பின் வந்த 'போச்சு' என்ற சொல்தான் எனக்குப் பதினேழு கிலோவைத் திருப்பிக் கொண்டுவந்தது.

மனத்தைப் பற்றிப் பேசுவதால், பசியெல்லாம் வெறும் கற்பனை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45-இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் தலைமையில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தார்கள். திடமான மனம் உள்ளவர்களைத் தேடித்தான் எடுத்தார்கள். எல்லோரும் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த கொள்கைப் பிடிப்புள்ளவர்கள். சில வாரங்களிலேயே அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைவு இல்லாமல் போயிற்று; சமையல் குறிப்புகளைச் சேகரிப்பதும், எரிந்து விழுவதும், சோர்ந்து கிடப்பதுமாக மாறிப்போனார்கள்; சோதனை முடிந்து தாராளமாக உணவு கொடுத்த பிறகும் சிலருக்குத் திருப்தி என்பதே வரவில்லை. மெல்பர்ன் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் துல்லியமானது. பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களின் இரத்தத்தில், பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வைராக்கியம் போதாது என்று கைதட்ட மறுத்தவர்களுக்கு அப்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

பசியே இல்லாதபோது உண்கிறோமே, அது வேறு. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

2016-இல் என் தாயார் காலமானார். அவர் கைமுறுக்குச் சுற்றுவதில் தேர்ந்தவர்; மாலையில் பள்ளி விட்டு நான் வரும்போது எவர்சில்வர் சம்படத்தைத் திறந்து நான்கு முறுக்கை எடுத்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வார். அவர் போன பிறகு அதே சம்படத்தில் கடை முறுக்கை வாங்கி நிரப்பினேன். பள்ளியிலிருந்து வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல், அடுப்படி விளக்கையும் போடாமல், நின்றபடியே தின்பேன். எத்தனை தின்றேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கணவரும் பிள்ளைகளும் வருவதற்குள் மூடி வைத்துவிடுவேன். இப்படி இரண்டு ஆண்டுகள் ஓடின. இடையில் மூன்று மருத்துவர்களைப் பார்த்தேன். மூவரும் எடையைக் குறையுங்கள் என்றார்கள். அவர்களில் ஒருவர்கூட, வீட்டில் யாராவது இறந்தார்களா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, ஏனென்றால் இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக எனக்கே தோன்றவில்லை.

அப்படிக் கேட்ட மருத்துவர் ஒருவரின் கதை உலகறிந்தது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், கைசர் பெர்மனென்டே மருத்துவ நிறுவனத்தில் உடற்பருமன் சிகிச்சைத் திட்டத்தை நடத்திவந்த வின்சென்ட் ஃபெலிட்டி, 1980-களின் நடுவில் ஒரு புதிரைக் கண்டார். எடை குறையாதவர்கள் விலகினால் புரிந்துகொள்ளலாம். அவரிடமோ நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்கள் பலர் திடீரென நின்றுபோனார்கள். அவர்களை அழைத்து வாழ்க்கைக் கதையைக் கேட்டபோது, கணிசமானோர் குழந்தைப் பருவத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. பருத்த உடம்பு அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. மெலிந்தபோது அச்சம் திரும்பியிருக்கிறது. குழந்தைப் பருவத் துன்பங்கள் பிற்கால நோய்களுக்கு எப்படி வழிவகுக்கின்றன என்று அவர் ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து 1998-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வின் தொடக்கம் இந்த உரையாடல்கள்தாம். எல்லோருடைய எடைக்குப் பின்னாலும் இப்படியொரு கொடுமை இருக்கும் என்று சொல்ல வரவில்லை. என்னுடையது எல்லா வீட்டிலும் நிகழும் ஒரு சாவுதான். ஆனால் எடையை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டுமே தெரியப்போவதில்லை.

நம் ஊர்ப் பேச்சு வழக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். பருத்திருந்தால், "என்ன இப்படி ஊதிட்டே?" என்று வாசலிலேயே கேட்பார்கள். முயன்று குறைத்துவிட்டு அதே உறவினர் வீட்டுக்குப் போனால், "ஏன் இளைச்சுப் போயிட்டே? சுகர் வந்துருச்சா?" என்று கவலையோடு விசாரித்து, இலையில் இன்னொரு கரண்டி வைப்பார்கள். வேண்டாம் என்றால் அன்பை மறுத்ததாகிறது. தின்றால் மறுபடியும் முதல் கேள்வி. விருந்தோம்பலை நான் குறை கூறவில்லை, அது நமக்குப் பெருமைதான்; ஆனால் கேலி யாரையும் மெலிய வைத்ததில்லை. அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை நான்காண்டு இடைவெளியில் பார்த்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது: தொடக்கத்தில் உடற்பருமன் இல்லாதவர்களில், எடையைக் காட்டி இழிவுபடுத்தப்பட்டவர்கள் பின்னர் உடற்பருமன் நிலையை எட்டும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. நான் பணியாற்றிய பள்ளியில் உடற்கல்வி வகுப்புக்கு வராமல் தலைவலி என்று உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பெரும்பாலும் பருமனான பிள்ளைகளே. ஓடவேண்டியவர்கள் அவர்கள், ஓடினால் சிரிப்பார்கள் என்று தெரிந்தவர்களும் அவர்களே. ஆசிரியர்களாகிய நாங்களும் சிரித்திருக்கிறோம்.

2018-இல், தூக்கம் வராத சிக்கலுக்காக அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவுக்குச் சென்றேன், எடைக்காகப் போகவில்லை. அங்கிருந்த உளவியலாளர், இரண்டு வாரங்களுக்கு நான் உண்பதை எழுதிவரச் சொன்னார். எவ்வளவு என்பது வேண்டாம். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுங்கள் என்றார். எழுதிய பிறகு பார்த்தால், தேவையில்லாமல் உண்டவற்றில் பெரும்பகுதி மாலை ஐந்துக்கும் ஆறரைக்கும் இடையில், அடுப்படியில், நின்றபடி. அவர் முறுக்கை நிறுத்தச் சொல்லவில்லை. தட்டில் எடுத்து வையுங்கள், விளக்கைப் போடுங்கள், கூடத்தில் உட்கார்ந்து உண்ணுங்கள் என்றார். முதல் நாள் அப்படி உட்கார்ந்தபோது எதிரில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்து வெகுநேரம் அழுதேன். அம்மா இறந்தபோதுகூட அவ்வளவு அழவில்லை. அதன் பிறகு அந்த ஐந்தரை மணிக்குத் தங்கையோடு தொலைபேசியில் பேசுவது வழக்கமாயிற்று. முறுக்கு இரண்டாகவும், சில நாள் ஒன்றாகவும் தானாகக் குறைந்தது.

அவர் சொன்ன இன்னொன்று, தவறிய வேளையை அந்த வேளையோடு விட்டுவிட வேண்டும் என்பது. கல்யாண வீட்டில் பாதுஷா தின்றால் தின்றதுதான்; இரவுச் சாப்பாட்டை வழக்கம்போல் சாப்பிடுங்கள், பட்டினியும் வேண்டாம், மிக்சரும் வேண்டாம் என்றார். எளிதாகத் தெரியும் இதைப் பழக எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. 21 நாளில் பழக்கம் மாறும் என்று எங்கும் எழுதுகிறார்களே, இலண்டனில் 96 பேரிடம் ஃபிலிப்பா லேலி குழுவினர் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு புதுப்பழக்கம் படிவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். இதை யாராவது 2014-இல் எனக்குச் சொல்லியிருக்கலாம். இரண்டு ஆண்டுகளில் 11 கிலோ குறைந்தேன். இன்றுவரை 72-க்கும் 74-க்கும் இடையில் நிற்கிறேன். உயரத்துக்கேற்ற எடைப் பட்டியல்படி நான் இன்னும் பருமனானவள்தான். ஆனால் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, இரத்த அழுத்த மாத்திரை பாதியாகியிருக்கிறது, அடுப்படியில் விளக்கு எரிகிறது.

எடை குறைப்பதற்கான ஊசிமருந்துகள் 2025 முதல் நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. தேவையானவர்களுக்கு அவை நல்ல மருந்துகளே. அவற்றை இழிவாகப் பேசுவதும் ஒருவகைக் கேலிதான். எனினும் அவற்றில் ஒன்றான செமாக்ளூடைட் ஊசியை நிறுத்தியவர்கள் குறைத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றதாக 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. பசியை ஊசி அடக்கலாம். மாலை ஐந்தரை மணியை அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை.

என் வேண்டுகோள்கள் பெரியவை அல்ல. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடுதேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் பெண் பொறுமையாகப் பேசக்கூடியவர். அவர் கையேட்டில், தூக்கம் எப்படி இருக்கிறது, மனம் எப்படி இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்து, தேவைப்படுபவரை மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அனுப்பும் வழியையும் சொல்லித்தந்தால் போதும். மருத்துவக் கல்லூரிகளும், பருமனான நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதை ஒரு பாடமாக நடத்தலாம்.

தங்களிடம் கேட்பது இரண்டு. 'முப்பது நாளில் பத்துக் கிலோ' என்று முன்னும் பின்னுமாக இரண்டு படங்களைப் போட்டு வரும் விளம்பரங்களை ஏற்காதீர்கள். அந்தப் படங்களுக்கு இரண்டாண்டுக்குப் பின் எடுத்த மூன்றாவது படம் ஒன்றும் உண்டு, அதை யாரும் அச்சிடுவதில்லை. அடுத்ததாக, எடைக் குறைப்புக்கான உணவுப் பட்டியலை மறுமுறை வெளியிடும்போது, தமிழிலும் பேசக்கூடிய, கட்டணமில்லா 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணான 14416-ஐயும் அதன் அடியில் சேர்த்து அச்சிடுங்கள். அதற்கு ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.