திருச்சபை வரலாற்று வாசிப்புச் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆயர் ஐயா அவர்களே, சங்கத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் ஆண்டவரின் நாமத்தில் வணக்கம்.

திருச்சபை வரலாறு இன்றைய விசுவாச வாழ்வுக்கு எவ்வாறு ஊக்கமளிக்கிறது என்பதே இவ்வாண்டின் வாசிப்புப் பொருள். மலைப்பாதையில் மண் சரிந்த மாதம் நீங்கலாக, மாதக் கூட்டங்கள் முறையாக நடைபெற்றன.

முதலில் ஆதித் திருச்சபையின் இரத்தசாட்சிகளைப் பற்றி வாசித்தோம். 203ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரில் உயிர்நீத்த பெர்பெத்துவா அம்மையார் சிறையில் எழுதிய குறிப்புகளில், தம் நரைத்த தலையைக் காட்டி மன்றாடிய தகப்பனையும் பால் மறவாத கைக்குழந்தையையும் பற்றிய பகுதி வாசிக்கப்பட்டபோது, வழக்கமாகப் பேசாத தாய்மார்களே அன்று அதிகம் பேசினார்கள். எனினும், நமக்கு அப்படிப்பட்ட சோதனை வருவதில்லையே, இதிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்வது என்று இளைஞர் ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. அடுத்த கூட்டங்களின் போக்கை அக்கேள்வியே தீர்மானித்தது.

விடை தேடி வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. 1846இல் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் நம் நீலகிரி மலையிலுள்ள கேத்தியில் ஊழியம் தொடங்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி காசமேஜர் அதற்குத் துணைநின்று, தம் சொத்தையும் அதற்கென எழுதிவைத்தார். இம்மலையில் வாழும் படுகர் மக்களில் முதலாவது ஞானஸ்நானம் நடந்ததோ 1858இல்தான். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் மிஷனரிகள் பள்ளி நடத்தினார்கள், படுகு மொழியைக் கற்றார்கள், ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களுக்கு ஒவ்வொன்றாக நடந்தார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுத ஒரு படுகர் பெயர்கூட இல்லை. அம்மிஷனரிகளில் ஒருவரான மெட்ஸ் ஐயர் பிற்பாடும் பல ஆண்டுகள் அவ்வாறே நடந்தவர். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள் என்று ஒவ்வொரு கமிட்டியிலும் வருந்தும் நமக்கு, வெற்றிக் கதைகளைக் காட்டிலும் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளே அதிகத் தெம்பு தருகின்றன என்பது செயலாளரின் தாழ்மையான கருத்து. அதற்கும் முன்னே, 1603இல், பழைய தோமா கிறிஸ்தவர்களைத் தேடி இம்மலைக்கு ஏறிவந்த இயேசு சபைக் குரு பெனிசியோ, தேடியவர்களைக் காணாமல் தோடரையும் படுகரையும் சந்தித்துத் திரும்பினார் என்பதையும் உறுப்பினர்கள் ஆர்வத்துடன் கேட்டார்கள்.

உதகை புனித ஸ்தேவான் ஆலயத்துக்குச் சென்றபோது கருத்து வேறுபாடு எழுந்ததை மறைப்பதற்கில்லை. 1830இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அவ்வாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. தோற்கடிக்கப்பட்ட ஒருவருடைய வீட்டு மரத்தின் கீழ் நின்று துதிப்பது எப்படி என்று ஒருவரும், மரம் என்ன பாவம் செய்தது என்று மற்றொருவரும் கேட்டார்கள். விவாதம் தேநீர் வேளையைத் தாண்டியும் ஓயவில்லை. இத்தகைய பக்கங்களையும் விட்டுவிடாமல் வாசிப்பதென்று பின்னர் ஒருமனதாக ஏற்கப்பட்டது.

1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக அபிஷேகம் பெற்ற வேதநாயகம் அசரியா அவர்களைப் பற்றியும், 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானதைப் பற்றியும் நேரமின்மையால் சுருக்கமாகவே பார்க்க முடிந்தது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். குடும்ப வேதாகமங்களின் முதல் தாள்களில் எழுதப்பட்டுள்ள பிறப்பு, ஞானஸ்நானம், இறப்புக் குறிப்புகளை வரும் ஆண்டில் படமெடுத்துத் தொகுக்கலாம் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. ஈரத்தில் தாள்கள் பூசணம் பிடிக்குமுன், மழைக்காலத்துக்கு முன்பாகவே அவற்றைக் கொண்டுவரும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைச் சபையோரின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்