எரிமலை வெடிக்கவில்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுனாமி நினைவு நாளையொட்டித் தங்கள் நாளிதழின் இணைப்பில் வெளியான முழுப்பக்கக் கட்டுரையில், "சுமத்ரா அருகே கடலுக்கடியில் இருந்த எரிமலை வெடித்ததால் 2004ஆம் ஆண்டுச் சுனாமி உருவானது" என்றொரு வரி இடம்பெற்றிருந்தது. 6,000க்கும் மேற்பட்டோரைக் கடலுக்குக் கொடுத்த நாகப்பட்டினம் மாவட்டத்திலும் தங்கள் நாளிதழ் விற்பனையாகிறது என்பதை அறிந்தவர்கள், அந்த வரியை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு பள்ளிப் பாடநூலையாவது புரட்டியிருக்கலாம். அதே இணைப்பில் ராசிபலன் ஒரு பிழையுமின்றி அச்சாகியிருந்தது. அதற்காக என் பாராட்டுகளைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

2004 டிசம்பர் 26ஆம் நாள், நம் நேரப்படி காலை ஆறரை மணியளவில் சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் நிகழ்ந்தது நிலநடுக்கம் என்பது தாங்கள் அறியாததல்ல. பூமியின் மேலோடு பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது; சுமத்ராவை ஒட்டிய சுந்தா என்னும் கடலடிப் பள்ளத்தில் அவற்றுள் ஒன்றான இந்தியத் தட்டு, பர்மா சிறுதட்டின் அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற அளவில் நுழைந்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட இடத்தில் நெடுங்காலமாகச் சேர்ந்திருந்த இறுக்கம் அன்று அவிழ்ந்து, சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறை பிளந்து நகர்ந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. கடற்தரை சில மீட்டர் உயர்ந்தபோது, அதன்மேல் நின்ற நீர் முழுவதும் அடியிலிருந்து மேற்பரப்பு வரை உந்தப்பட்டது. இதில் எரிமலை எங்கே வந்தது என்று தங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். எடுத்துப் பேசிய இளைஞர், "எல்லாமே பூமிக்கடியில் நடக்கிறதுதானே சார்" என்றார். புவியியல் ஆசிரியராக ஓய்வுபெற்ற எனக்கு, என் மாணவர்களில் எவரும் இவ்வளவு சுருக்கமாக விடை எழுதியதாக நினைவில்லை.

எரிமலையால் சுனாமி வராது என்று நான் சொல்லவில்லை. 1883 ஆகஸ்ட் 27 அன்று இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலைத் தீவு வெடித்தபோது மாண்ட 36,000க்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலோரைக் கொண்டுபோனது அந்த வெடிப்பு எழுப்பிய கடலலைதான். அப்போது சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த அலை அளவிகள்கூட அதைப் பதிவுசெய்தன. எரிமலைச் சுனாமிக்கும் எங்கள் ஊருக்கும் உறவு காட்டியே ஆக வேண்டுமென்றால், தங்கள் கட்டுரையாளர் அந்த ஆண்டுக்குப் போயிருக்க வேண்டும். இந்தியாவின் செயல்படும் எரிமலையான பாரன் தீவு அந்தமான் கடலிலேயே இருக்கிறது; அதைப் பற்றியும் கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

காரணத்தை மாற்றி எழுதுவது சிறு பிழை அன்று, ஏனெனில் எச்சரிக்கை என்பதே காரணத்தைச் சார்ந்து நிற்பது. ஹைதராபாதில் 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுனாமி எச்சரிக்கை மையம் முதலில் நிலநடுக்கத்தை உணர்ந்து, பிறகு கடற்தரையில் வைத்த அழுத்தமானிகளையும் கரையோர அலை அளவிகளையும் கொண்டு அலை எழுந்ததா என்று உறுதிசெய்கிறது. ஆனால் 2018 டிசம்பர் 22 இரவு, கிரக்கத்தோவா இருந்த இடத்தில் பின்னர் எழுந்த அதன் பிள்ளையான அனாக் கிரக்கத்தோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தபோது, மக்களை எழுப்பி ஓடவைக்கும் அதிர்வு எதுவும் முன்னால் வரவில்லை. இந்தோனேசியாவின் பேரிடர் அமைப்பே முதலில் அது சுனாமி அல்ல, கடல் ஏற்றம்தான் என்று அறிவித்து, பின்னர் வருத்தம் தெரிவித்தது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2022 ஜனவரியில் தொங்காவில் வெடித்த எரிமலையோ, காற்றழுத்த அலையைக் கொண்டே தொலைதூரக் கடல்களையும் அசைத்தது. இவை ஒவ்வொன்றுக்கும் காவல் வேறு. எல்லாவற்றையும் ஒரே வரியில் கரைத்துவிட்டால், கரையோரத்தில் இருப்பவன் புகை தெரிகிறதா என்று அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கி, சென்னை வரை மக்கள் தெருவுக்கு வந்ததும், பெரிய அலை எழாததும் தங்களுக்கு நினைவிருக்கும். அன்று பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்தன. கடற்தரை பெரிதாக உயரவில்லை. மறுநாள் தங்கள் நாளிதழ் இட்ட தலைப்பு "புஸ்வாணமான சுனாமி!" என்பது. அலை வராததில் தங்களுக்கு அப்படி என்ன ஏமாற்றம் என்று அப்போதே கேட்டு எழுதினேன், பதில் இல்லை.

இன்னொன்று. அமாவாசை, பௌர்ணமி வந்தால் போதும், "கடல் உள்வாங்கியது, மக்கள் பீதி" என்ற செய்தி ராமேசுவரத்திலிருந்தோ திருச்செந்தூரிலிருந்தோ தங்களுக்கு வந்துவிடுகிறது. அந்நாள்களில் கடலின் ஏற்றவற்றம் மிகும் என்பது மீனவர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். பீதியடைந்த மக்கள் படத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் செய்திகளை வாசித்து வளர்ந்தவர்கள், கடல் உள்வாங்கினால்தான் சுனாமி வரும், இல்லாவிட்டால் வராது என்று உறுதியாக நம்புகிறார்கள். 2004இல் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் பின்வாங்கியது உண்மை, ஏனெனில் அந்தப் பக்கம் கடற்தரை தாழ்ந்தது. நமக்கு எதிரே அது உயர்ந்தது. ஆகவே நம் கரைக்கு முதலில் வந்ததே ஏற்றம்தான். நான் பார்த்தேன், ஐயா. அது ஞாயிற்றுக்கிழமை. தங்கள் கட்டுரைக்கு மேல் அச்சிட்டிருந்த, நுரையோடு சுருண்டு நிற்கும் நீல அலையைப் போல எதுவும் வரவில்லை. கரிய சேற்றுநீர் நிற்காமல் ஏறிக்கொண்டே வந்தது. அதில் ஃபைபர் படகுகளும் வலைகளும் வீட்டுக் கூரைகளும் கலந்திருந்தன. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கோ தங்கள் படகின் அடியில் அது கடந்துபோனதே தெரியவில்லை. நடுக்கடலில் அந்த அலையின் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை என்பதைச் செயற்கைக்கோள் அளந்திருக்கிறது. ஆழம் குறையக் குறைய வேகம் தளர்ந்து, பின்னால் வரும் நீர் முன்னால் உள்ளதன்மீது ஏறி உயர்ந்தது. எங்கள் கிணறு உப்பாகிப்போனதையும், வயல்களில் உப்பு ஏறி நெல் பொய்த்ததையும் கட்டுரை "பெரும் பாதிப்பு ஏற்பட்டது" என்று முடித்துவிட்டது.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. அதே இணைப்பில், அதே பக்கத்தில், வாசிக்க முடிகிற எழுத்தில் இரண்டு வரித் திருத்தம் வெளியிட வேண்டும். ஆறாம் பக்கத்தின் அடியில், ஏல அறிவிப்புகளுக்கு நடுவே வேண்டாம். கடல் உள்வாங்கிய செய்தி அடுத்த முறை வரும்போது, அதை அனுப்பும் நிருபர் அன்றைய ஏற்றவற்ற நேரத்தையும் சேர்த்து எழுதினால் போதும். தங்கள் நாட்காட்டிப் பகுதியில் ராகுகாலத்துக்கு அருகே அதற்கும் இடமிருக்கும் என்று நம்புகிறேன். முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறையொன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். திருத்தம் வெளியிட இயலாது என்றால், அதையாவது தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.