பொருள்: கண்டென்சர் பாக்கெட்டில் 22, உள்ளே 221

அனுப்புநர்: பம்ப்செட் பழுதுபார்ப்பவர், மன்னார்குடி.
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்.

ஐயா,

உங்களிடம் உதிரிகளாக வாங்கி நானே சால்டர் செய்த 25 மோட்டார் டைமர் போர்டுகளில் ஒன்றுகூட ஓடவில்லை என்று சென்ற மாதம் எழுதினேன். "சால்டரிங் சரியில்லை, ஈரமாகவும் இருக்கலாம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. டெல்டாவில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் அதையும் நம்பி, எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வெயிலில் காயவைத்தேன். பலனில்லை.

பிறகு நானே தேடினேன். 5 வோல்ட் சரியாக வருகிறது. போர்டின் மூளையான ஏடிமெகா 328பி சிப் மட்டும், புரோகிராம் ஏற்றும் கருவிக்குப் பதில் சொல்லவில்லை. தாளத் துடிப்பை (கிளாக்) வெளியே இருக்கும் கிரிஸ்டலிலிருந்து எடுத்து ஓடும்படி நீங்களே அமைத்து அனுப்பிய சிப் அது. கிரிஸ்டல் துடிக்காவிட்டால் வாய் திறக்காது. வேறொரு போர்டிலிருந்து கிளாக் எடுத்து 9ஆம் காலில் கொடுத்தேன், உடனே பேசியது. ஆக, சிப்பில் பழுதில்லை. ஓடிக்கொண்டிருந்த பழைய போர்டின் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை மாட்டினேன், அதுவும் அசையவில்லை. வெறுத்துப்போய் கிரிஸ்டலின் இரு பக்கக் கண்டென்சர்களையும் கழற்றிப் போட்டேன். ஓடத் தொடங்கிவிட்டது!

லென்ஸ் வைத்துப் பார்த்தால், மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் அந்தக் கண்டென்சரில் 221 என்று இருக்கிறது. மூன்றாம் இலக்கம் சுழியங்களின் எண்ணிக்கை; அதாவது 220 பிகோஃபாரட் (கண்டென்சரின் அளவு). பாக்கெட்டில் நீங்கள் ஒட்டியிருப்பதோ 22. கிரிஸ்டல் சரியாகத் துடிக்கக் கேட்கும் கண்டென்சர் சுமை 18 பிகோஃபாரட். இரண்டு 22 போட்டால் தொடராக 11, போர்டின் தடங்கள் தருவது நாலைந்து. ஏறக்குறைய சரியாக வரும். இரண்டு 220 போட்டால் 110. எந்தக் கிரிஸ்டல் இதைச் சுமக்கும்? தஞ்சாவூரில் சரியான 22 வாங்கி இரண்டு போர்டுகளில் மாற்றினேன். நான்கு நாட்களாக நிற்காமல் ஓடுகின்றன.

கண்டென்சர் சில்லறைக் காசு சமாசாரம். என் கைவேலையைக் குறை சொன்னதும், ஒரு மாதம் வீணானதும் அப்படியல்ல. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும், எங்கள் பக்கம் குறுவை நாற்றங்காலுக்குப் போர்வெல் தண்ணீர்தான். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டாரைப் போட, நடு இரவில் வரப்பில் நடக்கும் விவசாயிகளுக்கு இந்தப் போர்டுகளைத் தருவதாக நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மீதி 23 போர்டுகளுக்கு 46 கண்டென்சர்களும், நான் செலவழித்த கூரியர் கட்டணமும் ஒரு வாரத்துக்குள் வர வேண்டும். இதே சரக்கை வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் அனுப்புங்கள். அவர்களும் இப்போது ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். கழற்றிய கண்டென்சர்கள் நான்கையும் பாக்கெட்டோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்